டி.ஓ. கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறவர்கள் சறுக்குகிற இடங்கள்

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு ஆஸ்டியோபதிக் (டி.ஓ.) மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால், ஊரிலிருந்து வருகிற முதல் கேள்வி, "அது என்ன, ஹோமியோபதியா?" அடுத்தது, "எலும்பு டாக்டரா?" இரண்டும் இல்லை. அமெரிக்காவில் டி.ஓ. பட்டம் வாங்கியவர், அங்கே வழக்கமான மருத்துவப் பட்டமான எம்.டி. வாங்கியவரைப் போலவே முழு மருத்துவர். மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், எந்தச் சிறப்புத் துறைக்கும் போகலாம். பைடன் அதிபராக இருந்தபோது அவருடைய மருத்துவராக இருந்த கெவின் ஓகானர் ஒரு டி.ஓ. அவருக்கு முன்பு, டிரம்ப்புக்குக் கொரோனா வந்தபோது கவனித்த ஷான் கான்லியும் டி.ஓ.தான். இன்று அந்நாட்டில் மருத்துவம் படிப்பவர்களில் கால்வாசிக்கும் மேல் டி.ஓ. மாணவர்கள்.

ஊர்க்காரர்கள் குழம்பினால் பரவாயில்லை. விண்ணப்பிக்கிற பிள்ளையே அரைகுறையாகத் தெரிந்துகொண்டு போவதுதான் சிக்கல். தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் விண்ணப்பக் கட்டுரைகளைச் சில வருடங்களாகப் படித்துக் கொடுக்கிறேன், மாதிரி நேர்காணலும் எடுக்கிறேன். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து முளைத்தவை: "எம்.டி. கிடைக்கவில்லை என்றால் டி.ஓ. பார்த்துக்கொள்ளலாம்" என்ற நினைப்பு. அப்படி நினைப்பது குற்றம் இல்லை, பலர் இரண்டுக்கும்தான் போடுகிறார்கள். ஆனால் அந்த நினைப்போடு எழுதினால் அது எழுத்தில் எப்படியும் கசிந்துவிடும்.

கட்டுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம் ஆம்காஸ், டி.ஓ. கல்லூரிகளுக்கானது ஆகோமாஸ். இரண்டிலும் தனிக் கட்டுரைக்கு 5,300 எழுத்துதான் இடம், இடைவெளியும் அதில் சேர்த்தி. அளவு ஒன்றாக இருப்பதே வினை. அங்கே எழுதியதை அப்படியே இங்கே ஒட்டிவிடுகிறார்கள். ஒரு பெண்ணின் கட்டுரையில் கடைசிப் பத்தியில் "ஓர் எம்.டி.யாக நான்..." என்று ஒரு வரி அப்படியே உட்கார்ந்திருந்தது. அவளும் படித்திருக்கிறாள், அவள் அப்பாவும் படித்திருக்கிறார், இருவர் கண்ணிலும் படவில்லை. நல்லவேளை, அனுப்புவதற்கு முன் பிடித்தோம். ஆகோமாஸில் ஒருமுறை அனுப்பிவிட்டால் அந்தக் கட்டுரையைத் திருத்த வழி இல்லை.

அப்புறம், இதற்கு நேர் எதிரான தவறு ஒன்று உண்டு. டி.ஓ.வைப் புகழ்கிறேன் என்று எம்.டி.யைத் தாழ்த்துவது. "எம்.டி.கள் நோயை மட்டும் பார்க்கிறார்கள், டி.ஓ.கள் முழு மனிதரைப் பார்க்கிறார்கள்" என்று எழுதாத பிள்ளை குறைவு. இந்தக் கல்லூரிகளில் எம்.டி. பேராசிரியர்களும் பாடம் எடுக்கிறார்கள். உங்களை நேர்காணல் செய்கிறவரே எம்.டி.யாக இருக்கலாம்.

"ஏன் டி.ஓ.?" என்று கேட்காத கல்லூரி அநேகமாக இல்லை. பதிலுக்குக் கொஞ்சம் வரலாறு தெரிந்திருப்பது நல்லது. 1864இல் மூளைக்காய்ச்சலுக்குத் தன் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். பாதரசத்தை மருந்தென்று கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த மருத்துவத்தின் மேல் நம்பிக்கை போய், 1892இல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் அவர் தொடங்கியதுதான் முதல் கல்லூரி. எனக்கு இதைவிடப் பிடித்தது கலிஃபோர்னியா கதை. 1960களின் தொடக்கத்தில் அங்கே டி.ஓ.கள் 65 டாலர் கட்டினால் எம்.டி. ஆகிவிடலாம் என்று ஓர் ஏற்பாடு வந்தது, இரண்டாயிரம் பேருக்கு மேல் மாறினார்கள். அவர்களுடைய கல்லூரியும் எம்.டி. கல்லூரியாகிவிட்டது. 65 டாலரில் பட்டம் மாறுகிறது என்றால் இரண்டுக்கும் இடையிலிருந்த தூரம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் வரலாற்றை ஒப்பித்தால் மட்டும் போதாது. உடல் ஒரே அலகு, அது தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும், அமைப்பும் செயலும் ஒன்றை ஒன்று சார்ந்தவை என்ற கொள்கைகளை எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். ஒரு பையன் மாதிரி நேர்காணலில் இதையெல்லாம் தடங்கலே இல்லாமல் சொன்னான். "சரி, இதை நீ எங்கே பார்த்தாய்?" என்று கேட்டேன். பேச்சு நின்றுவிட்டது. கொஞ்சம் கழித்து, டாக்டர் வேலை செய்வதைக் கூடவே இருந்து பார்க்கத் தான் ஷேடோயிங் போன கிளினிக்கைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொல்ல ஆரம்பித்தான். முதுகுவலி என்று ஒரு லாரி ஓட்டுநர் வந்திருக்கிறார். டாக்டர் முதுகைத் தொடுவதற்கு முன்னால் அவருடைய பூட்ஸைக் கழற்றச் சொல்லித் திருப்பிப் பார்த்தாராம். ஒரு குதிகால் மட்டும் சரிந்து தேய்ந்திருந்தது. அதன் பிறகுதான் இடுப்பையும் கால்களின் நீளத்தையும் கையால் அளந்து பார்த்திருக்கிறார். "இதைத்தானே நீ முதலில் சொல்லியிருக்க வேண்டும்?" என்றேன். "இது சின்ன விஷயம் இல்லையா ஆன்ட்டி?" என்றான். அந்தச் சின்ன விஷயத்தைத்தான் நேர்காணல் செய்கிறவர் மறுநாளும் நினைவில் வைத்திருப்பார்.

டி.ஓ. மாணவர்கள் வழக்கமான பாடங்களோடு, கையால் தொட்டு அறிந்து சிகிச்சை செய்யும் ஓ.எம்.டி. பயிற்சியைச் சுமார் 200 மணி நேரம் கூடுதலாகப் படிக்கிறார்கள். அதை ஒருமுறைகூட நேரில் பார்க்காமல் நேர்காணலுக்குப் போவது, நீச்சல் குளத்தையே பார்க்காதவன் நீச்சல் பிடிக்கும் என்று சொல்வது மாதிரி. ஒரு டி.ஓ. மருத்துவரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றோ, இருந்தால் நல்லது என்றோ பல கல்லூரிகள் சொல்கின்றன. கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது, முந்தைய வருடமே ஒருவரைப் பிடித்து வைக்க வேண்டும். சொந்தச் சித்தப்பாவே டி.ஓ. என்றாலும் அவருடைய கடிதம் உதவாது. உறவினர் கடிதங்களை ஏற்பதில்லை.

இனி காகித வேலையில் வருகிற தவறுகள். பள்ளியில் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் ஒரு கணக்குப் பாடம் எடுத்திருப்பார்கள், அதை மறந்தும் போயிருப்பார்கள். அந்தக் கல்லூரியிலிருந்தும் டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) போயாக வேண்டும். இல்லையென்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். இந்தியாவில் கொஞ்ச காலம் கல்லூரியில் படித்திருந்தால், அந்த மதிப்பெண்களை அமெரிக்க முறைக்கு மதிப்பிட்டுத் தரும் நிறுவனம் வழியாக அனுப்ப வேண்டும், அதற்கும் நேரம் பிடிக்கும். "டி.ஓ.வில் பழைய மார்க்கை அழித்துவிடலாம், திரும்பப் படித்தது மட்டும்தான் கணக்கு" என்று மூத்தவர்கள் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வசதி 2017இலேயே போய்விட்டது, இப்போது எத்தனை முறை எழுதினாலும் அத்தனையும் சராசரியில் சேரும். அறிவியல் சராசரியில் ஆம்காஸ் கணக்குப் பாடத்தையும் சேர்க்கும், ஆகோமாஸ் சேர்க்காது. கணக்கில் புலியாக இருந்து அதை நம்பி ஒரு எண்ணை மனதில் வைத்திருந்தவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான்.

டெக்சாஸ் வேறு கதை. ஃபோர்ட் வொர்த்தில் இருக்கும் டி.ஓ. கல்லூரி டெக்சாஸ் மாநிலத்துக்கென்று இருக்கும் தனி விண்ணப்ப முறையில் வருகிறது. ஆகோமாஸில் தேடி அது இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

கால தாமதம் பற்றி எல்லோரும் சொல்வார்கள், ஒன்றை மட்டும் சொல்லி விடுகிறேன். விண்ணப்பம் மே மாதம் திறக்கிறது. விண்ணப்பங்கள் வந்து சேரச் சேர நேர்காணலுக்குக் கூப்பிட்டு இடம் கொடுத்துக்கொண்டே போகிறார்கள். கடைசித் தேதி குளிர்காலத்தில்தானே என்று உட்கார்ந்திருந்தால், நீங்கள் அனுப்பும் நேரத்தில் பாதி நாற்காலி நிரம்பியிருக்கும்.

விசாவைப் பற்றியும் பார்த்துவிட வேண்டும். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து கிடைக்கும் எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைகள் நம்மில் நிறைய. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைச் சில கல்லூரிகள் எடுப்பதே இல்லை. விண்ணப்பத்துக்குப் பணம் கட்டிய பிறகு இதைக் கண்டுபிடித்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

நேர்காணலுக்கு வருவோம். ஜூமில் நடக்கிறது என்றால் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு முதலில் சொல்லி வையுங்கள். ஒரு மாதிரி நேர்காணலில் "உங்களுக்கு மன அழுத்தம் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் குக்கர் நான்கு விசில் விட்டது. சிரித்துவிட்டோம். நிஜ நேர்காணலில் அப்படிச் சிரிக்க வராது. பல குட்டி நேர்காணல்களாக நடக்கும் எம்.எம்.ஐ. முறையில் ஒவ்வொரு அறையிலும் ஒரு சூழ்நிலையைக் கொடுத்துப் பேசச் சொல்வார்கள். "சக மாணவன் தேர்வில் காப்பி அடிப்பதைப் பார்க்கிறீர்கள்" என்றதும் "புகார் செய்வேன்" என்று ஒரே வரியில் முடிப்பது நம் பிள்ளைகளின் பழக்கம். சரியான விடை ஒன்றைச் சொல்லிவிட்டால் மார்க் விழும் என்று வளர்த்துவிட்டோம், என்ன செய்வது. அவர்கள் பார்க்க விரும்புவது, நீங்கள் யார் யார் பக்கமிருந்து யோசிக்கிறீர்கள் என்பதை. குறைந்த மார்க் பற்றிக் கேட்டால் பேராசிரியர் மேல் பழி போடாமல், என்ன நடந்தது, அதன் பிறகு எதை மாற்றினேன் என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னால் போதும்.

கல்லூரியின் நோக்கத்தைப் படிக்காமல் போவது இன்னொன்று. கென்டக்கியின் பைக்வில், மேற்கு வர்ஜீனியாவின் லூயிஸ்பர்க் போன்ற இடங்களில் உள்ள கல்லூரிகள் அப்பலாச்சியா மலைப்பகுதிக்கு மருத்துவர் வேண்டும் என்பதற்காகவே இருப்பவை. அங்கே போய், "நியூயார்க்கில் இதய அறுவை சிகிச்சை நிபுணராக வேண்டும்" என்று மட்டும் சொன்னால் அவர்கள் உங்களை ஏன் எடுக்க வேண்டும்? பொய் சொல்லச் சொல்லவில்லை. சொல்ல உண்மையான காரணம் எதுவும் இல்லாத கல்லூரிக்கு விண்ணப்பமே போடாதீர்கள்.

"எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கடைசியில் கேட்கும்போது "இல்லை, எல்லாம் தெளிவாக இருக்கிறது" என்று சொல்லி எழுந்துவிடாதீர்கள். பல டி.ஓ. கல்லூரிகளுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது, மூன்றாம் வருட ரொட்டேஷனுக்கு (மருத்துவமனைப் பயிற்சிக்கு) வேறு ஊர்களுக்கு அனுப்புவார்கள். எந்த ஊர், யார் முடிவு செய்கிறார்கள், நடுவில் வீடு மாற வேண்டுமா என்று கேளுங்கள். டி.ஓ.களுக்கான உரிமத் தேர்வான கொம்லெக்ஸ் கட்டாயம், பட்டத்துக்குப் பிறகான ரெசிடென்சி பயிற்சியில் இடம் பிடிப்பதற்காக எம்.டி.கள் எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ.யும் எழுதுகிறவர்கள் பலர். அதற்குக் கல்லூரி எவ்வளவு உதவுகிறது என்றும் கேட்கலாம்.

பணத்தைப் பற்றி அங்கே கேட்க வேண்டாம், வீட்டில் கணக்குப் போடுங்கள். 2025இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு மத்திய அரசின் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர்தான். தனியார் டி.ஓ. கல்லூரிகள் பலவற்றில் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்தால் இதைத் தாண்டிவிடும். இடம் கிடைத்த சந்தோஷத்தில் முன்பணம் கட்டத் துடிப்போம். அது பெரும்பாலும் திரும்ப வராது, ஆயிரக்கணக்கில் இருக்கும். கட்டுவதற்கு முன், மீதிப் பணம் எங்கிருந்து வரும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடுங்கள்.