பழைய சுரங்க ரயிலைக் கிளைப்பாதையில் ஓட வைப்பது எப்படி

ரயிலை முதலில் வாங்கிவிடாதீர்கள். லண்டன் சுரங்க ரயிலில் ஓய்வு பெற்ற பெட்டிகள் விலைக்கு வருகின்றன, அவற்றில் ஒரு டீசல் எஞ்சினைப் பொருத்தினால் கிராமத்துக் கிளைப்பாதையில் ஓட்டிவிடலாம் என்று கேட்டதும் கை பரபரக்கும், தெரியும். ஆனால் பெட்டி கிடைப்பதுதான் இந்த வேலையிலேயே எளிய பகுதி. அது எந்தப் பாதையில் ஓடப்போகிறது, எவ்வளவு தூரம், எத்தனை நிறுத்தம், எங்கே ஏற்றம், கடைசி நிலையத்தில் எத்தனை நிமிடம் நிற்கும் என்பதையெல்லாம் தாளில் எழுதி முடித்த பிறகுதான் வண்டியைப் பற்றியே யோசிக்க வேண்டும்.

கணக்கு அப்படி ஒன்றும் கடினம் இல்லை. இரண்டு பெட்டி கொண்ட வண்டி, ஆட்களோடு சேர்த்து 60 டன் என்று வைத்துக்கொள்வோம். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 கி.மீ. வேகத்துக்கு அதைக் கொண்டுவர, உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 2.3 யூனிட் மின்சாரம் வேண்டும். 97 கி.மீ. வேகத்துக்கு என்றால் அது 6 யூனிட் ஆகிவிடும், ஏனென்றால் வேகம் கூடக் கூடத் தேவை அதன் வர்க்கத்தில் ஏறும். பாதை 30 மீட்டர் உயரம் ஏறினால் அதற்குத் தனியாக 5 யூனிட். பத்து நிறுத்தம் உள்ள பாதையில் வண்டி பத்து முறை வேகமெடுக்க வேண்டும், இதோடு காற்றின் எதிர்ப்பு, குளிர்காலத்தில் பெட்டியைச் சூடாக்கும் ஹீட்டர், விளக்கு, கம்ப்ரஸர் எல்லாம் சேரும். ஹீட்டரை அலட்சியமாக விடுகிறவர்கள் நிறையப் பேர். ரயில் நின்றுகொண்டிருந்தாலும் அது மின்சாரத்தைத் தின்றுகொண்டே இருக்கும், குறுகிய பாதையில் மொத்தச் செலவில் நல்லதொரு பங்கு அதற்கே போகும்.

இந்தக் கணக்கு முடிந்ததும் மூன்று வழிகளில் எது உங்களுடையது என்று தானாகத் தெரிந்துவிடும். பாதையில் ஏற்கெனவே மூன்றாவது தண்டவாளத்தில், அதாவது சக்கரம் ஓடும் இரண்டு தண்டவாளங்களோடு மின்சாரம் தருவதற்கென்றே போட்ட இன்னொன்றில், மின்சாரம் இருந்தால் எஞ்சினும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். பாதை மிகச் சிறியது, முனையில் சார்ஜ் செய்ய இடமும் நேரமும் உண்டு என்றால் பேட்டரி மட்டும் போதும். நீளமான, மின்சாரமே எட்டிப்பார்க்காத பாதை என்றால் டீசல் ஜெனரேட்டர், கூடவே முடிந்தால் பேட்டரி.

மூன்றுக்கும் உதாரணம் ஒரே வண்டியில் இருக்கிறது. லண்டன் சுரங்க ரயிலின் டிஸ்ட்ரிக்ட் லைன் தடத்தில் 1980 முதல் 2017 வரை ஓடிய டி78 ரயில்தான் அது. பர்மிங்காமில் மெட்ரோ-கேமல் நிறுவனம் கட்டியது. ஏட்ரியன் ஷூட்டர் தொடங்கிய விவாரெயில் நிறுவனம் இந்தப் பெட்டிகளை மொத்தமாக வாங்கி, வார்விக்ஷயரில் உள்ள லாங் மார்ஸ்டனில் வைத்து மாற்றியது. மூன்றாவது தண்டவாள வண்டிகள் ஐல் ஆஃப் வைட் தீவுக்குப் போயின, டீசல் வண்டிகள் பெட்ஃபோர்டு–பிளெட்ச்லி பாதைக்கு, டீசலும் பேட்டரியும் கலந்தவை வேல்ஸுக்கு, பேட்டரி வண்டி மேற்கு லண்டனின் கிரீன்ஃபோர்டு கிளைக்கு. இனி சொல்லப்போவதில் பெரும்பகுதி இந்த வண்டிகளிடமிருந்து கற்றுக்கொண்டதுதான்.

சரி, பெட்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? லண்டனில் சுரங்க ரயில் இரண்டு வகை. ஆழத்தில் வட்டக் குழாய்க்குள் ஓடுவது ஒன்று, அது கூரை தாழ்ந்த குட்டி வண்டி. தரைக்குச் சற்றுக் கீழே, வெட்டி மூடிய சுரங்கத்தில் ஓடுவது இன்னொன்று, அது அளவில் சாதாரண ரயிலை நெருங்கிவரும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. குட்டி வண்டியையும் வெளியே ஓட்டியிருக்கிறார்கள்: ஐல் ஆஃப் வைட்டில் ரைட் என்ற ஊரில் உள்ள ரயில் சுரங்கத்தின் உயரம் குறைவு என்பதால் 1938ஆம் ஆண்டு மாடல் குழாய் ரயிலை 2021 ஜனவரி வரை ஓட்டினார்கள். கட்டாயம் இருந்தால் ஒழிய அந்த வழிக்குப் போகாதீர்கள், சாதாரண பிளாட்பாரத்தோடு தரை மட்டம் ஒத்துவராது.

அடுத்து உடல் எந்த உலோகம் என்று பாருங்கள். டி78இன் உடல் அலுமினியம், துருப்பிடிக்காது. நாற்பது ஆண்டான எஃகுப் பெட்டி என்றால் பெயின்டைச் சுரண்டியதும் உள்ளே என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, பட்ஜெட் அங்கேயே கரைந்துவிடும். அப்புறம் போகி. நம்மில் பலர் ரயில் பெட்டியையே போகி என்று சொல்வது வழக்கம், இங்கே நான் சொல்வது பெட்டிக்கு அடியில் சக்கரமும் அச்சும் மோட்டாரும் தாங்கும் சட்டத்தை. டி78இன் பழைய போகிகளில் விரிசல் வந்ததால் 2000ஆம் ஆண்டை ஒட்டி எல்லாவற்றையும் புதிதாக மாற்றியிருந்தார்கள். வண்டிக்கு வயது முப்பதுக்கு மேல், கீழ்ப்பகுதிக்கு அதில் பாதிகூட இல்லை. இந்த வண்டியை வாங்கலாம் என்ற முடிவுக்கு அது பெரிய காரணம். நீங்கள் எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் முதலில் குனிந்து போகியைப் பாருங்கள், அதன் பராமரிப்புப் பதிவேட்டைக் கேளுங்கள், இருக்கைத் துணியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

சுரங்க ரயிலை ஏன் மாற்ற முடிகிறது என்பதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. அது ஏற்கெனவே மின்சார ரயில். லண்டனில் அது நான்கு தண்டவாள முறையில் (இரண்டு சக்கரத்துக்கு, இரண்டு மின்சாரத்துக்கு), 630 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடியது. சக்கரத்தைச் சுழற்றும் மோட்டாருக்கு மின்சாரம் தண்டவாளத்திலிருந்து வருகிறதா, ஜெனரேட்டரிலிருந்தா, பேட்டரியிலிருந்தா என்ற கவலை இல்லை, வந்தால் போதும். ஆகவே எஞ்சினைச் சக்கரத்தோடு கியர் வைத்து இணைக்கும் எண்ணமே வேண்டாம். எஞ்சின் ஜெனரேட்டரை ஓட்டட்டும், ஜெனரேட்டர் மின்சாரம் தரட்டும், நடுவில் நவீன மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று உட்காரட்டும். பழைய கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றி எறிந்துவிட்டு இதைப் புதிதாகப் போடுங்கள், இங்கே மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

டீசல் எஞ்சினுக்கு ரயிலுக்கென்றே செய்த பெரிய எஞ்சினைத் தேட வேண்டியதில்லை. விவாரெயில் போட்டது ஃபோர்டின் 3.2 லிட்டர், ஐந்து சிலிண்டர் எஞ்சின், வேன்களில் இருப்பது. ஒவ்வொன்றும் சுமார் 200 குதிரைத்திறன், ஓட்டுநர் பெட்டி ஒன்றுக்கு இரண்டு. எல்லா இடத்திலும் பாகம் கிடைக்கும், விலை குறைவு, ஒன்று நின்றாலும் மற்றவை வண்டியை வீடு சேர்க்கும். எஞ்சின், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் கட்டி, பக்கவாட்டிலிருந்து ஃபோர்க்லிஃப்ட் வைத்து இழுத்தெடுக்கும்படி வடிவமைத்திருந்தார்கள். பழுதானதை உருவிவிட்டு வேறொன்றைச் செருகி ரயிலை அனுப்பிவிட்டு, பழுதை நிதானமாக மேசைமேல் வைத்துப் பார்க்கலாம். குழி தோண்டிய பெரிய பணிமனை இல்லாத கிளைப்பாதைக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எதை மாற்றினாலும் இதை மட்டும் மாற்றாதீர்கள்.

நிலையத்தில் நிற்கும்போது எஞ்சின் தானாக அணைய வேண்டும். வண்டி எங்கே இருக்கிறது என்று ஜிபிஎஸ் மூலம் தெரிந்துகொண்டு, வீடுகள் நெருங்கிய இடத்திலும் நிலையத்திலும் பேட்டரியில் ஓடும்படி அமைக்கலாம். டீசலோடு பேட்டரியும் இருந்தால் இன்னொரு நன்மை, பிரேக் போடும்போது மோட்டார் திருப்பித் தரும் மின்சாரத்தைச் சேமிக்க ஓர் இடம் கிடைக்கிறது. மேலே சொன்ன 2.3 யூனிட்டில் ஒரு பகுதி ஒவ்வொரு நிறுத்தத்திலும் திரும்பி வரும். வெறும் டீசல் வண்டியில் அது அத்தனையும் சூடாகக் காற்றில் போகும்.

இப்போது தீ. 2016 டிசம்பர் 30 அன்று, சோதனை ஓட்டத்தில் இருந்த முதல் வண்டியில் கெனில்வொர்த் அருகே ஓர் எஞ்சின் பகுதி தீப்பிடித்தது. எரிபொருள் கசிவுதான் காரணம். கவென்ட்ரி–நனீட்டன் பாதையில் நடக்கவிருந்த பயணிகள் சோதனை அதோடு கைவிடப்பட்டது. சாலையில் ஓடும் எஞ்சின் ரயிலுக்கு அடியில் வரும்போது அதன் சூழல் மாறுகிறது: மூடிய சட்டத்துக்குள் இருக்கும், அதிர்வின் தன்மை வேறு, காற்று வரும் திசை வேறு, மேலே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். எரிபொருள் குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் சூடான புகைக்குழாயிலிருந்து தள்ளி வையுங்கள், கசிந்தால் சொட்டு எங்கே விழும் என்று விரலை வைத்துத் தொட்டுப் பாருங்கள், எஞ்சின் பகுதிக்கும் பெட்டித் தரைக்கும் நடுவே தீத்தடுப்புத் தகடு போடுங்கள், தீ உணரியும் தானாக அணைக்கும் கருவியும் ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியாக இருக்கட்டும். இதில் ஒரு பவுண்டுகூடக் குறைக்காதீர்கள். ஒரே ஒரு கசிவு பயணிகள் சோதனையையே கைவிட வைத்ததைப் பார்த்தோம்.

பேட்டரி வண்டிக்குச் சார்ஜ் செய்யும் முறைதான் உயிர். கிரீன்ஃபோர்டு கிளை சுமார் 4 கி.மீ. தான், ஆனாலும் வண்டி நாள் முழுக்கப் போய்ப் போய் வர வேண்டும். அதற்காக மேற்கு ஈலிங் நிலையத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே குட்டையான மின்தண்டவாளத் துண்டுகளை வைத்தார்கள். வண்டி வந்து அவற்றின் மேல் முழுதாக நின்ற பிறகே மின்சாரம் பாயும், நகர்ந்ததும் அணைந்துவிடும், ஆகவே யாராவது மிதித்துவிடுவார்களோ என்ற பயம் இல்லை. மூன்றரை நிமிடத்தில் சார்ஜ் முடிந்துவிடும். அவ்வளவு மின்சாரத்தை ஒரே மூச்சில் ஊர் மின்கம்பியிலிருந்து எடுக்க முடியாதே என்று கேட்பீர்கள். எடுப்பதில்லை. பாதையோரத்தில் ஒரு பேட்டரித் தொகுதி நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துவைத்து, வண்டி வந்ததும் மொத்தமாகக் கொட்டுகிறது. மின்வாரியத்திடம் பெரிய இணைப்புக் கேட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் வேலை இதனால் போய்விடுகிறது.

2025 ஆகஸ்டில் இதே வண்டி ஒரே சார்ஜில் 200.5 மைல், அதாவது சுமார் 322 கி.மீ. ஓடியது. பேட்டரி ரயிலில் முந்தைய சாதனை 139 மைல். நாற்பது ஆண்டுப் பழைய உடல் இதைச் செய்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது. ஆனால் இந்த எண்ணை அப்படியே எடுத்து உங்கள் பாதைக்குப் போட்டுவிடாதீர்கள், அது சாதனைக்கென்று ஓட்டியது. ஒவ்வொரு நிலையத்திலும் நின்று, மோசமான குளிரில் ஹீட்டரோடு ஓடும் நாளைக் கணக்கில் எடுங்கள், பேட்டரி பழசாகித் திறன் குறைந்த பிறகும் அந்த நாளைத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

வெளிப்பாதையில் ஓட வேறு சிலவும் வேண்டும், இவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சுரங்க ரயிலின் நிறுத்தும் கருவி பிரிட்டனின் பொது ரயில்பாதை சிக்னலோடு பேசாது, சிக்னல் வருவதை ஓட்டுநருக்கு எச்சரிக்கும் ஏடபிள்யூஎஸ், சிவப்பைத் தாண்டினால் தானாக பிரேக் போடும் டிபிடபிள்யூஎஸ், கட்டுப்பாட்டு அறையோடு பேச ஜிஎஸ்எம்-ஆர் வானொலி மூன்றையும் பொருத்த வேண்டும். லெவல் கிராஸிங் உள்ள பாதை என்பதால் ஓட்டுநர் அறையின் முகப்பை வலுப்படுத்த வேண்டும். இலையுதிர் காலத்தில் ஈர இலை படிந்த தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும், மணல் தூவும் கருவியும் சறுக்கல் தடுப்பும் கட்டாயம். கூடுதல் கதவுகளை அடைத்து இருக்கை போடலாம். பாதை நீளம் என்றால் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை வேண்டும், அதன் தொட்டியை எங்கே காலி செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

மென்பொருளுக்கு மட்டும் நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். ஐல் ஆஃப் வைட் வண்டிகளில் எஞ்சின் இல்லை, பேட்டரி இல்லை, மூன்றிலும் எளிய மாற்றம் அதுதான். அப்படியிருந்தும் 2021 ஏப்ரலில் திறக்க நினைத்த பாதை நவம்பர் 1 அன்றுதான் திறந்தது, தாமதத்துக்கு ஒரு காரணம் மென்பொருள் கோளாறு. கதவு, பிரேக், மோட்டார் மூன்றையும் ஒரே கணினி பார்க்கும்போது ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று இடறும். பயணிகள் இல்லாமல், கால அட்டவணைப்படியே, வாரக்கணக்கில் ஓட்டிப் பாருங்கள்.

கடைசியாக ஒப்பந்தம். பெட்ஃபோர்டு–பிளெட்ச்லி பாதையில் 2019 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய வண்டிகளைப் பராமரித்ததும் விவாரெயில்தான். 2022 டிசம்பரில் அந்த நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குள் போனதும் வண்டிகள் அப்படியே நின்றன. வேறு ரயில்கள் அங்கே வர 2023 நவம்பர் ஆனது, அதுவரை பேருந்துதான். வண்டி கெட்டுப்போனதால் அந்தப் பாதை நிற்கவில்லை, பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் போனதால் நின்றது. அதே நேரம் வேல்ஸில் ரெக்ஸ்ஹாம்–பிட்ஸ்டன் பாதைக்கு வாங்கியிருந்த வண்டிகள் 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கின, ரயில்களை இயக்கும் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே நிறுவனம் கிரீன்ஃபோர்டு பேட்டரி வண்டியையும் சார்ஜ் செய்யும் கருவியையும் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது. ஆகவே கையெழுத்துப் போடும் முன் இவற்றை எழுதி வாங்குங்கள்: எல்லா வரைபடமும், மென்பொருளின் மூல நிரலும், அதைத் திருத்தும் உரிமையும், இரண்டு உதிரி ஜெனரேட்டர் தொகுதிகளும். உங்கள் பணிமனை ஆட்கள் நான்கு பேரை மாற்றும் வேலை நடக்கும் இடத்துக்கே அனுப்பி, முதல் வண்டியின் முதல் போல்ட்டிலிருந்து கூடவே நிற்க வையுங்கள்.