மேசை சிஎன்சி மில்லில் அளவு பிசகினால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

608 பேரிங் உட்காருவதற்காக ஓர் அலுமினியத் துண்டில் 22 மி.மீ. குழி வெட்டுகிறீர்கள். அளந்தால் 21.92 வருகிறது, பேரிங் இறங்கவில்லை. பலர் இந்த இடத்தில் ஜிஆர்பிஎல் (மில்லை இயக்கும் கட்டுப்பாட்டு மென்பொருள்) அமைப்பைத் திறந்து, எக்ஸ், ஒய் திசைகளில் மி.மீ.க்கு எத்தனை ஸ்டெப் என்று சொல்லும் $100, $101 எண்களை அதே விகிதத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அடுத்த குழி கிட்டத்தட்ட சரியாக வந்துவிடும். ஆனால் அதே ஜாபில் 80 இருக்க வேண்டிய வெளி நீளம் 80.3-ஐத் தாண்டியிருக்கும். மேசை மில்லில் நடக்கும் தவறுகளில் இதைத்தான் மிக மோசமானது என்பேன். ஏனென்றால், இதற்குப் பிறகு செய்யும் எந்தச் சோதனையின் முடிவையும் நம்ப முடியாது.

அந்த எண் வெட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பது அல்ல, கணக்கிலிருந்து வருவது. சுற்றுக்கு 200 ஸ்டெப் உள்ள மோட்டார், டிரைவரில் 1/8 மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரிப்பது) என்றால் ஒரு சுற்றுக்கு 1,600 பல்ஸ். சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும் டி8 லீட் ஸ்குரூ என்றால் மி.மீ.க்கு 200; 4 மி.மீ. பால் ஸ்குரூ என்றால் 400. மலிவான ஸ்குரூவில் சிறு பிழை இருக்கலாம். அதைத் திருத்துவதானால், கட்டர் இல்லாமல், முடிந்தவரை நீண்ட தூரம் நகர்த்தி அளந்து திருத்துங்கள். வெட்டிய ஜாபின் அளவில் கட்டரின் விட்டம், வளைவு, ஆட்டம் எல்லாம் கலந்திருக்கும். அத்தனையையும் ஸ்குரூவின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

பிழை எந்த வகையில் வருகிறது என்று பார்க்காமல் திருத்தத் தொடங்குவதுதான் இதற்கு வேர். உள் குழி சிறிதாகவும் வெளி அளவு பெரிதாகவும், நீளம் எதுவானாலும் ஒரே அளவு பிசகினால், கட்டர் சொன்ன விட்டத்தைவிட மெலிந்திருக்கிறது அல்லது வெட்டும்போது வளைந்து விலகுகிறது. குழி பெரிதாகி வெளி அளவு சிறிதானால், கட்டர் மையம் விலகிச் சுற்றுகிறது. 20 மி.மீ.க்கு 0.02, 100 மி.மீ.க்கு 0.1 என்று நீளத்தோடு பிழையும் வளர்ந்தால் மட்டும்தான் ஸ்டெப் எண்ணைச் சந்தேகிக்கலாம். வட்டத்தில் நான்கு இடங்களில், அதாவது எக்ஸ் அல்லது ஒய் திசை திரும்பும் இடங்களில், சிறு படி தெரிந்தால் அது பேக்லாஷ், அதாவது திசை திரும்பும்போது ஸ்குரூவுக்கும் நட்டுக்கும் இடையே வெளிப்படும் தளர்வு.

இதற்கெல்லாம் முன்னால் அளவெடுப்பதே சரியாக இருக்க வேண்டும். பிசிறு எடுக்காமல் அளக்கிறார்கள். மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு அளக்கிறார்கள். 100 மி.மீ. அலுமினியம் 10 டிகிரி சூடேறினால் சுமார் 0.023 மி.மீ. நீளும். டிஜிட்டல் வெர்னியர் 0.01 வரை காட்டினாலும், அதன் துல்லியம் பெரும்பாலும் ±0.02 அளவில்தான் இருக்கும். சிறிய துளைகளில் உள்வாய்த் தாடைகளின் தட்டை விளிம்பு காரணமாக அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டவும் செய்யும். வெளி அளவுக்கு மைக்ரோமீட்டர், துளைக்கு அளவு தெரிந்த கேஜ் பின் (உள்ளே நுழைத்துப் பார்க்கும் உருளைக் கம்பி) என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

சரி, இப்போது மெஷின். கட்டரைக் கழற்றிவிட்டு, டயல் கேஜை (சிறு நகர்வையும் முள்ளில் காட்டும் கருவியை) ஸ்பிண்டிலில், அதாவது கட்டரைச் சுழற்றும் தண்டில், பிடித்து, வைஸின் அசையாத தாடையைத் தொடவிடுங்கள். எக்ஸில் ஒரே திசையில் ஒரு மி.மீ. நகர்த்தி டயலைப் பூஜ்யமாக்கி, அதே திசையில் 0.1, பிறகு திரும்பி 0.1. டயல் பூஜ்யத்துக்கு வராமல் எவ்வளவு மிச்சம் நிற்கிறதோ அதுதான் பேக்லாஷ். இதை மேசையின் நடுவில் மட்டும் பார்த்துவிட்டு விடுவது இன்னொரு தவறு. நிறைய வேலை பார்த்த மெஷினில் ஸ்குரூவின் நடுப்பகுதி தேய்ந்து தளர்ந்திருக்கும், ஓரங்கள் இறுக்கமாக இருக்கும். இரண்டு இடத்திலும் பாருங்கள்.

டயல் அங்கேயே இருக்கும்போது மேசையை விரலால் அழுத்தி விடுங்கள். முள் நகர்ந்து பழைய இடத்துக்கே திரும்பினால் மெஷினின் சட்டம் வளைகிறது. திரும்பாமல் நின்றுவிட்டால் எங்கோ ப்ளே (தளர்வு) இருக்கிறது: நட்டு, பேரிங், அல்லது மோட்டாரையும் ஸ்குரூவையும் இணைக்கும் கப்ளிங்கின் கிரப் ஸ்குரூ. கப்ளிங்கிலும் ஷாஃப்ட்டிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால், வழுக்கியது உடனே தெரியும்.

மாக்3, லினக்ஸ்சிஎன்சி போன்ற கட்டுப்பாட்டு மென்பொருள்களில் பேக்லாஷை மென்பொருளால் ஈடுகட்டும் வசதி உண்டு. அதை நம்பி நட்டைச் சரிசெய்யாமல் விட வேண்டாம். கட்டர் மேசையைத் தன் பக்கம் இழுக்கும்போது அந்தக் கணக்கு உதவாது. ப்ளே உள்ள மெஷினில் கிளைம்ப் மில்லிங் (கட்டரின் பல் செல்லும் திசையிலேயே மேசையும் நகரும் முறை) செய்தால் இந்த இழுப்பு கண்கூடாகத் தெரியும். ப்ளே தீரும்வரை ரஃப்பிங்கை (முதல் கட்ட முரட்டு வெட்டை) அதற்கு நேரெதிரான கன்வென்ஷனலில் ஓட்டுவது நல்லது.

கோணத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. எம்டிஎஃப் பலகைப் படுக்கையை மெஷினாலேயே சமன் செய்துவிட்டால் எல்லாம் நேராகிவிட்டது என்று நினைப்பது. படுக்கை எக்ஸ், ஒய் ஓட்டத்துக்கு இணையாகும், அவ்வளவுதான். ஸ்பிண்டிலின் சாய்வு அப்படியே இருக்கும். பக்கத்துப் பக்கத்து வரிகளுக்கு இடையே விரல் நகத்தில் தட்டுப்படும் சிறு மேடாக அது வெளிப்படும். ஸ்பிண்டிலில் டயலை மாட்டி மேசைமேல் சுற்றிப் பார்த்துத்தான் ட்ராமிங் (ஸ்பிண்டிலை மேசைக்குச் செங்குத்தாக்குவது) செய்ய வேண்டும். ஸ்பிண்டில் நேராக இருந்தும் இசட் ஓட்டம் சாய்ந்திருக்கலாம். அதை மூலைமட்டத்தை நிறுத்தி, டயலை மேலும் கீழும் ஓட்டித் தனியாகப் பார்க்க வேண்டும். எக்ஸும் ஒய்யும் ஒன்றுக்கொன்று செங்குத்தா என்று அறிய, 100 மி.மீ. சதுரத்தின் நான்கு மூலைகளில் துளையிட்டு மூலைவிட்டங்களை அளங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 0.14 என்றால், 100 மி.மீ.க்கு 0.1 மி.மீ. சாய்வு.

கட்டரைக் கவ்விப் பிடிக்கும் கோலெட் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறிய பாகங்களில் பெரும்பாலான தொல்லை இங்கிருந்துதான் வருகிறது. ஈஆர்11 கோலெட்டை ஸ்பிண்டிலுக்குள் போட்டுவிட்டு நட்டைத் திருகுவது தவறு. முதலில் கோலெட் நட்டுக்குள் சொடுக்கென்று உட்கார வேண்டும், அப்புறம்தான் ஸ்பிண்டில். உள்ளே ஒரு மெல்லிய அலுமினியத் துகள் மாட்டினாலும் மையம் விலகும். டயலில் 0.02 ரன்-அவுட் (மைய விலகலால் வரும் ஆட்டம்) என்பது 6 மி.மீ. கட்டருக்குப் பெரிதில்லை. 1 மி.மீ. கட்டரில், பல்லுக்கு 0.01 வெட்டும்போது, ஒரே பல் மொத்த வேலையையும் செய்கிறது. கட்டர் ஏன் உடைகிறது என்று ஃபீடை (கட்டர் முன்னேறும் வேகத்தை) குறைத்துக்கொண்டே போகிறவர்கள் ஒருமுறை கோலெட்டைத் துடைத்துப் பார்க்கட்டும்.

கட்டரை நீளமாக வெளியே விடுவதும் இதே அளவு கெடுதல். நீட்டம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. 10 மி.மீ. ஆழக் குழிக்கு 25 மி.மீ. நீட்டி வைக்க எந்தக் காரணமும் இல்லை.

ஃபீடைப் பயந்து குறைப்பதும் தீர்வல்ல. 10,000 ஆர்பிஎம்மில் இரண்டு பல் கட்டர், பல்லுக்கு 0.01 என்றால் நிமிடத்துக்கு 200 மி.மீ. அதை 50-க்கு இறக்கினால் பல்லுக்கு 0.0025தான் கிடைக்கும். கட்டர் வெட்டாமல் உரசும், சூடேறும், அலுமினியம் பல்லில் ஒட்டும். பாரம் குறைய வேண்டுமானால் ஆழத்தைக் குறையுங்கள். ஒட்டாமலிருக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் தெளிப்பவர்கள் உண்டு. பிரஷ் மோட்டார் ஸ்பிண்டில் பொறி தள்ளும் என்பதால் அதன் அருகில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாதி வேலையில் ஜாப் திடீரென்று ஒருபக்கம் நகர்ந்துவிட்டால் ஸ்டெப் தவறியிருக்கிறது. உடனே டிரைவர் கரண்டை ஏற்றாதீர்கள், சூட்டில் இன்னும் அதிகமாகத் தவறலாம். அதே புரோகிராமை இசட்டை உயர்த்தி, ஸ்பிண்டில் நின்ற நிலையில் ஒருமுறை, சுற்றும் நிலையில் ஒருமுறை, பிறகு வெட்டி ஒருமுறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் மேசை டயலில் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். முதல் ஓட்டத்திலேயே தவறினால் ஆக்சிலரேஷன் அதிகம், அல்லது எங்கோ இறுக்கம், வழுக்கல். ஸ்பிண்டில் சுற்றும்போது மட்டும் தவறினால் மின் இரைச்சல்: லிமிட் சுவிட்ச், யுஎஸ்பி கம்பிகளை ஸ்பிண்டில் கம்பியிலிருந்து விலக்குங்கள். வெட்டும்போது மட்டும் என்றால் பாரம் அதிகம்.

கடைசியாக, சோதனைக்கு நேராக அலுமினியத்தில் இறங்க வேண்டாம். பெரிய மெஷின்களைச் சோதிக்கும் வட்டம், வைர வடிவம் (சாய்த்து வைத்த சதுரம்), சதுரம் கொண்ட மாதிரியை 40 மி.மீ. அளவில், நடுவில் ஒரு குழியோடு, முதலில் மெஷினிங் மெழுகில் வெட்டுங்கள். மெழுகில் பாரம் கிட்டத்தட்ட இல்லை. அதில் அளவு சரியாக வந்து அலுமினியத்தில் பிசகினால், கட்டர், நீட்டம், ஆழம் ஆகியவற்றில் தேடுங்கள். மெழுகிலேயே பிசகினால் மறுபடி டயல் கேஜை எடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே மாதிரியைத் திரும்ப வெட்டுங்கள்.