முதல் டர்ட் பைக்: குதிரைத்திறனைவிட உயரம் முக்கியம்

முதல் டர்ட் பைக் (மண், மேடு பள்ளங்களில் ஓட்டும் வண்டி) வாங்கப் போகிறவர்களின் கண் நேராக 450 சிசி பந்தய வண்டிகள் மீதுதான் போகும். வேண்டாம். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அதிகம் முறுக்கினாலே முன்சக்கரம் எழும்பிவிடும். யமஹா டிடி-ஆர் 125, ஹோண்டா சிஆர்எஃப் 125எஃப் போன்ற நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் பழகுவதற்கு ஏற்றவை. ஆள் உயரமென்றால் 230 சிசி வரை போகலாம். இருக்கையில் அமர்ந்ததும் இரு பாதங்களின் முன்பகுதியாவது தரையில் அழுந்த வேண்டும். மேட்டில் ஏறும்போது எஞ்சின் நின்றுபோனால்தான் அதன் அருமை தெரியும்.

பழைய வண்டியா? பின்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்திப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கலாம். ஏர் ஃபில்டரையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அதில் மண் அப்பியிருந்தால் எஞ்சினின் கதியைக் கேட்கவே வேண்டாம். ஹெல்மெட்டுக்கும் பூட்ஸுக்கும் பணத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் வண்டி தேடுங்கள்.