கனடாக் குடியுரிமை: நாள் கணக்கில் எங்கே சறுக்குகிறார்கள்?

கனடாவில் குடியுரிமை கேட்க 5 ஆண்டுக்குள் 1,095 நாட்கள் நாட்டில் இருந்திருக்க வேண்டும். டொராண்டோவில் தமிழர்கள் நிறைய வாழும் ஸ்கார்பரோவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் எந்த நாள் முழுதாகச் சேரும், எது அரை நாளாகச் சேரும், எது சேரவே சேராது என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். திரும்பி வரும் விண்ணப்பங்களில் பல இங்கேதான் மாட்டுகின்றன.

பழைய விதியை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2015 ஜூன் முதல் 2017 அக்டோபர் வரை 6 ஆண்டுகளில் 1,460 நாட்கள் என்றிருந்தது. 2017 அக்டோபர் 11 அன்றுதான் இன்றைய 1,095 வந்தது. 2015-க்கு முன்பு நிலைமையே வேறு. நாள் குறைந்தாலும், ஒருவருடைய வாழ்க்கை கனடாவில்தான் வேரூன்றி இருக்கிறதா என்று பார்த்துச் சில நீதிபதிகள் குடியுரிமை கொடுத்ததுண்டு. அந்தக் காலத்தில் வாங்கிய மாமா ஒருவர், 'வீடு, வேலை, பிள்ளைகள் எல்லாம் இங்கேதானே, கொடுப்பாங்க' என்றால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதவு மூடிவிட்டது. இப்போது பார்ப்பது ஒன்றே ஒன்று: ஆள் நாட்டுக்குள் இருந்தாரா, இல்லையா.

அடுத்தது பிஆர், அதாவது நிரந்தர வதிவிட உரிமை, அதன் விதியோடு போட்டுக் குழப்பிக்கொள்வது. பிஆரைத் தக்கவைக்க 5 ஆண்டில் 730 நாட்கள் போதும். கனடாக் குடிமகனான கணவனோடோ மனைவியோடோ வெளிநாட்டில் இருந்த நாட்களும் அதில் சேரும். குடியுரிமைக்கு அந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது. அரசுப் பணியில் வெளிநாடு அனுப்பப்பட்டவர்களின் குடும்பம் போன்ற மிகச் சில விதிவிலக்குகள்தான். துபாயில் வேலை பார்க்கும் கணவனோடு 2 ஆண்டு இருந்துவிட்டு வந்தவரின் பிஆர் பத்திரமாக இருக்கலாம், ஆனால் குடியுரிமைக் கணக்கில் அந்த 2 ஆண்டும் பூஜ்யம்.

சரி, அரை நாள் கணக்குக்கு வருவோம். பிஆர் கிடைக்கும் முன் படிப்பு, வேலை, சுற்றுலா அனுமதியில் சட்டப்படி இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாளாகச் சேரும், அதிகபட்சம் 365 வரை. ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். 2020 செப்டம்பர் 1-இல் வந்து இறங்கினார், 2023 மார்ச் 1-இல் பிஆர். இடையில் 911 நாட்கள். 365 நாள் வரவு வாங்க 730 போதும், மீதி 181 நாட்கள் கணக்கில் ஏறாமலே போய்விடும். இனி பிஆருக்குப் பிறகு இன்னும் 730 நாட்கள் வேண்டும். எங்கும் போகாமல் இருந்தால் 2025 பிப்ரவரி 28 அன்று குடியுரிமை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடலாம்.

இப்போது அக்காள் கல்யாணம் வருகிறது. மே 10-இல் மதுரைக்குக் கிளம்பி ஜூன் 20-இல் திரும்புகிறார். கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் கனடா நாட்களாகவே எண்ணப்படும், ஆக இல்லாத நாட்கள் 40. கல்யாணம் 2022-இல் என்றால் அந்த உபரி 181-இல் 40 போகும், அவருக்கு ஒரு நாளும் நஷ்டமில்லை. 2024-இல் என்றால் 40 நாளும் முழுதாகக் கழிந்து, தேதி ஏப்ரலுக்குத் தள்ளிப் போகும். ஒரே பயணம்தான், விளைவு வேறு. பிஆர் வந்த கையோடு நீண்ட விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அகதிக் கோரிக்கை வைத்து வந்தவர்களுக்கு இந்த அரை நாள் வேறு மாதிரி. கோரிக்கை ஏற்கப்பட்ட தீர்ப்பு நாளிலிருந்துதான் எண்ணிக்கை தொடங்கும். வழக்கு நடந்த காலத்தில் கையில் வேலை அனுமதி இருந்திருக்கும், வரியும் கட்டியிருப்பார்கள், இருந்தாலும் அந்த நாட்கள் சேராது. தீர்ப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த இலங்கைத் தமிழர்களுக்கு இது கசப்பான விஷயம்தான். ஆனால் இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. பாதுகாப்புக் கேட்டு பிஆர் பெற்றவர், குடியுரிமை வாங்கும் முன்பே இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து, அதில் யாழ்ப்பாணம் போய் வருவது. அந்த நாட்டின் பாதுகாப்பை அவரே மீண்டும் ஏற்றுக்கொண்டார் என்று சொல்லி அரசு அவருடைய அகதி நிலையை முடிவுக்குக் கொண்டுவரக் கேட்கலாம். 2012 டிசம்பரில் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அது நிரூபணமானால் பிஆரும் சேர்ந்து போகும். வழக்கு நடக்கும்வரை குடியுரிமை விண்ணப்பமும் கிடப்பில் இருக்கும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் டிக்கெட் போடும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நாள் குறைந்தால் காத்திருந்து சரிசெய்யலாம், இதைச் சரிசெய்வது ரொம்பக் கடினம்.

பயணங்களை நினைவிலிருந்து எழுதுவதும் வேண்டாம். பழைய, ரத்தான கடவுச்சீட்டு உட்பட அந்த 5 ஆண்டுக்குள் வரும் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, முத்திரை முத்திரையாகப் பாருங்கள். முத்திரை விழாத பயணம்தான் மறந்து போகும். எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோவுக்குக் காரில் போய்ச் சாமான் வாங்கி மாலையே திரும்பியது நாள் கணக்கில் பூஜ்யம்தான், ஆனால் பட்டியலில் வர வேண்டும். நியூ ஜெர்சியில் சித்தப்பா வீட்டுக்கு வெள்ளி போய் ஞாயிறு திரும்பினால் இடையில் உள்ள சனிக்கிழமை கழியும். 2020 முதல் விமானத்தில் வெளியேறுவதும் எல்லைப் பாதுகாப்புத் துறையிடம் பதிவாகிறது, அதிகாரி அதைப் பார்க்க முடியும். தெரியாமல் விட்டால் விளக்கம் கேட்பார்கள். தெரிந்தே மறைத்தது என்று முடிவானால் 5 ஆண்டுக்கு மறுபடி விண்ணப்பிக்கவே முடியாது.

கையெழுத்துத் தேதியிலும் ஒரு வம்பு உண்டு. 5 ஆண்டு எண்ணப்படுவது கையெழுத்திட்ட நாளுக்கு முந்தைய நாளிலிருந்து பின்னோக்கி. நாள் கணக்கிடும் அரசின் இணையக் கால்குலேட்டரில் ஒரு தேதி, படிவத்தில் வேறு தேதி என்றிருந்தால் கணக்கு ஒட்டாது. சரியாக 1,095 ஆனதும் அன்றைக்கே போட வேண்டும் என்று துடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் புரிவதில்லை. ஒரு பயணத் தேதி பிசகினால் 1,093 ஆகிவிடும், பரிசீலனை தொடங்கிய பிறகு 530 டாலர் செயலாக்கக் கட்டணமும் திரும்பாது. ஒரு மாதம் பொறுத்துப் போடுவதே என் கட்சி.

வரியையும் பாருங்கள். தாக்கல் செய்யக் கடமைப்பட்டிருந்தால், அந்த 5 ஆண்டில் 3 ஆண்டுக்காவது தாக்கல் செய்திருக்க வேண்டும். மொழிச் சான்று 18 முதல் 54 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும்; கேட்பதிலும் பேசுவதிலும் சிஎல்பி எனும் கனடா மொழித்திறன் அளவில் 4-ஆம் நிலை போதும். தமிழ்நாட்டில் ஆங்கில வழியில் பட்டம் படித்தவர்கள், அது ஆங்கிலத்தில் நடந்தது என்று காட்டும் சான்றிதழையே வைக்கலாம். இது தெரியாமல் மறுபடி ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டுபவர்கள் உண்டு.

கடைசியாக, தகுதி வந்துவிட்டது என்பதற்காக உடனே விண்ணப்பிக்க வேண்டும் என்று இல்லை. இந்தியர்களுக்குக் கனடாக் குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். பழைய கடவுச்சீட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) அட்டைக்கோ விசாவுக்கோ விண்ணப்பிக்க வேண்டும். அந்த இடைவெளியில் பழைய கடவுச்சீட்டில் பயணம் செய்வது குற்றம். ஆகவே உறுதிமொழி விழாவை ஒட்டித் திருச்சிக்கு டிக்கெட் போட்டு வைக்காதீர்கள். இலங்கையர்கள் தங்கள் குடியுரிமையைத் தக்கவைக்கும் விண்ணப்பத்தை உறுதிமொழிக்கு முன்பே கொடுக்கலாம். விட்டுவிட்டால் அப்புறம் மீளப் பெறும் வழியில்தான் போக வேண்டும்.