அமெரிக்காவில் லைசென்ஸ் உள்ள ஆக்குபேஷனல் தெரபி அசிஸ்டண்டைத் தேடுவது எப்படி

பக்கவாதம் வந்த அப்பாவுக்கும் சரி, ஸ்பூன் பிடிக்கக் கை வராத குழந்தைக்கும் சரி, பல கிளினிக்குகளில் வாரா வாரம் ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்வதற்கான பயிற்சி கொடுப்பவர் ஓ.டி.ஏ. எனப்படும் அசிஸ்டண்ட்தான். முதல் மதிப்பீட்டைச் செய்வதும் சிகிச்சைத் திட்டம் எழுதுவதும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டின் பொறுப்பு. அவர் மேற்பார்வையில்தான் அசிஸ்டண்ட் வேலை செய்யலாம். ஆகவே அசிஸ்டண்டை மட்டும் தனியாகத் தேடாதீர்கள், இருவரையும் சேர்த்தே தேடுங்கள். "வீட்டுக்கே வருகிறேன், கேஷ் கொடுத்தால் போதும்" என்பவரிடம் மேற்பார்வையிடும் தெரபிஸ்ட் யார் என்று கேளுங்கள். பெயர் வராவிட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

எங்கே தேடுவது என்பது வயதைப் பொறுத்தது. மூன்று வயதுக்குள் என்றால் வளர்ச்சியில் பின்தங்கிய சிறு குழந்தைகளுக்கு உதவும் உங்கள் மாநிலத்தின் ஏர்லி இன்டர்வென்ஷன் அலுவலகத்தை நீங்களே அழைக்கலாம். டாக்டர் கடிதம் தேவையில்லை, மதிப்பீடு இலவசம், அழைத்ததிலிருந்து 45 நாட்களுக்குள் திட்டக் கூட்டம் நடக்க வேண்டும். மூன்று வயது கடந்தால் பள்ளி மாவட்டத்துக்கு மதிப்பீடு கேட்டுத் தேதியிட்டு எழுதுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் எப்போது கேட்டீர்கள் என்பதற்கு ஆதாரம் இருக்காது. பெரியவர்களுக்கு இன்சூரன்ஸின் நெட்வொர்க் பட்டியலில் தொடங்கலாம். ஆனால் பட்டியல் பழசாக இருக்கும், கிளினிக்கை அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பலருக்குத் தோன்றாத வழி ஒன்று உண்டு. பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் ஓ.டி.ஏ. படிப்பு இருந்தால் அதன் ஃபீல்டுவொர்க் ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். மாணவர்கள் படிப்பு முடிக்குமுன் 16 வாரம் முழுநேரக் களப்பயிற்சி செய்கிறார்கள். எந்த கிளினிக் அக்கறையாகச் சொல்லித் தருகிறது என்பது ஒருங்கிணைப்பாளருக்கு நன்றாகத் தெரியும்.

பெயர் கிடைத்ததும் மாநில லைசென்ஸ் போர்டின் இணையதளத்தில் சரிபாருங்கள். கிளினிக்கில் முதல் பெயரைத்தான் சொல்வார்கள். லைசென்ஸில் உள்ள முழுப் பெயரைக் கேட்டு வாங்குங்கள். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாறியிருந்தால் தேடலில் ஒன்றும் வராது, அப்போது லைசென்ஸ் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். லைசென்ஸ் வகை அசிஸ்டண்ட்தானா, நடப்பில் உள்ளதா, எப்போது காலாவதி, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று பாருங்கள். தெரபிஸ்ட்டின் பெயருக்கும் இதே சோதனைதான். சுவரில் மாட்டிய சான்றிதழ் போதாது, காலாவதியான பிறகும் அது அங்கேயே தொங்கும். தேசியத் தேர்வை நடத்தும் என்.பி.சி.ஓ.டி. அமைப்பின் சான்று தனி. தேர்வில் தேறியதைக் காட்டும், ஆனால் வேலை செய்ய அனுமதி தருவது மாநில லைசென்ஸ்தான்.

அடுத்து, தெரபிஸ்ட் எத்தனை நாளைக்கு ஒருமுறை நேரில் பார்ப்பார் என்று கேளுங்கள். முதியோருக்கும் உடல் குறைபாடு உள்ள சிலருக்கும் அரசு தரும் இன்சூரன்ஸான மெடிகேரில், வெளிநோயாளிச் சிகிச்சைக்கான பார்ட் பி-யில் குறைந்தது 10 சிகிச்சை நாட்களுக்கு ஒருமுறை தெரபிஸ்ட்டே முன்னேற்ற அறிக்கை எழுத வேண்டும். மாதக்கணக்கில் அவர் முகமே தெரியவில்லை என்றால், கை தேறிய பிறகும் அதே பழைய பயிற்சிதான் ஓடிக்கொண்டிருக்கும்.

மொழியையும் விட்டுவிடாதீர்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்றால் அப்பாயின்ட்மென்ட் போடும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். மெடிகேரிடமிருந்தோ, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகெய்டிடமிருந்தோ பணம் பெறும் இடங்கள் இதை இலவசமாகத் தர வேண்டும். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

முதல் மதிப்பீட்டிலேயே வீட்டு வழக்கத்தைச் சொல்லிவிடுங்கள்: சாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிடுவார், புடவைக் கொசுவம் தானே மடிக்க வேண்டும், தரையில் உட்கார்ந்து எழ வேண்டும். சொல்லாவிட்டால் ஃபோர்க் பிடிப்பதும் ஜிப் போடுவதும்தான் திட்டத்தில் ஏறும். அசிஸ்டண்டுக்கு மனமிருந்தாலும் புது இலக்கைத் தானாகச் சேர்க்க முடியாது, தெரபிஸ்ட் திருத்தி எழுதும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.