செங்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பல் சுற்றுலா: எந்தத் துறைமுகத்தில் ஏறுவது?

தென்காசி, செங்கோட்டை, புளியரை வட்டாரத்தில் கப்பல் சுற்றுலா என்று பேச்செடுத்ததும் முதலில் வரும் கேள்வி, "தூத்துக்குடி பக்கத்துலதானே இருக்கு, அங்கேயே ஏற முடியாதா?" என்பதுதான். முடியாது. தூத்துக்குடி சரக்குத் துறைமுகம். 2011-ல் அங்கிருந்து கொழும்புக்கு ஓடிய ஸ்கோஷியா பிரின்ஸ் பயணிகள் கப்பலும் அதே ஆண்டிலேயே நின்றுபோனது. 2025 மே மாதம் திறந்துவைக்கப்பட்ட விழிஞ்ஞமும் கன்டெய்னர் துறைமுகம்தான். ஆகவே நமக்கு இருப்பவை கொச்சி, சென்னை, மும்பை. வெளிநாட்டில் போய் ஏறுவதென்றால் சிங்கப்பூர்.

இவற்றில் எது பக்கம் என்று பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். அதைவிட முதலில் பார்க்க வேண்டியது மாதம்.

இதற்கு நம் ஊரிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. குற்றாலத்தில் சாரல் அடித்து அருவி கொட்டும் ஆனி, ஆடி மாதங்களில் வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. அந்தக் காற்று நம்மிடம் வருவதற்கு முன் அரபிக்கடலைக் கலக்கிவிட்டுத்தான் வருகிறது. அப்போது கொச்சியிலும் மும்பையிலும் அலை உயரம். லட்சத்தீவில் பெரிய கப்பல் நடுக்கடலில் நிற்க, பயணிகளைச் சிறு படகில் மாற்றித்தான் கரைக்குக் கொண்டுபோவார்கள். அலை அடிக்கும்போது அது நடக்காது. இதே மாதங்களில் வங்கக்கடல் ஒப்பீட்டளவில் அமைதியாக இருக்கும். கப்பல் சுற்றுலா நடத்தும் கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் 2022-லும் 2023-லும் ஜூன் மாதத்தில் சென்னைக்கு வந்து பயணம் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். ஐப்பசி பிறந்தால் நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழையும் புயலும் வங்கக்கடலுக்கு வந்துவிடும், மேற்குக் கடல் அடங்கிவிடும்.

குற்றாலத்தில் சீசன் என்றால் சென்னை, சீசன் முடிந்து தீபாவளி நெருங்கினால் கொச்சி அல்லது மும்பை. இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த மாதத்தில் கப்பல் எங்கிருந்து கிளம்புகிறது என்று நிறுவனத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஒரே கப்பல்தான் இரண்டு கரைகளுக்கும் மாறிமாறிப் போய்வந்திருக்கிறது. டிசம்பர் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து டிக்கெட் தேடிக்கொண்டிருப்பது வீண் வேலை.

கொச்சி

நமக்கு மிக அருகில் இருப்பது இதுதான். ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாகச் சாலையில் 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏறுமிடம் வில்லிங்டன் தீவில் உள்ள சாகரிகா முனையம். 2021-ல் திறந்தது. எர்ணாகுளம் ஜங்ஷனிலிருந்து ஆட்டோவிலோ காரிலோ போய்விடும் தூரம்தான்.

ரயிலில் போவதென்றால் பாலருவி எக்ஸ்பிரஸ். தூத்துக்குடியில் கிளம்பி, நள்ளிரவு தாண்டிச் செங்கோட்டைக்கு வந்து, கொல்லம், கோட்டயம் வழியாகக் காலையில் எர்ணாகுளம் டவுன் சேர்கிறது. வடக்கு ஸ்டேஷன் என்று அங்கே சொல்வது இதைத்தான். தீவு இருப்பது தெற்கே. நகரத்தைக் கடந்து போக வேண்டியிருப்பதால், காலை அலுவலக நேர நெரிசலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

இந்த வண்டிக்கு டிக்கெட் எடுக்கும்போது தேதியில் கவனம் வேண்டும். கப்பல் 15-ஆம் தேதி மதியம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 14-ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு வீட்டைப் பூட்டுவீர்கள். ஆனால் வண்டி செங்கோட்டைக்கு வரும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும், அதாவது 15 பிறந்திருக்கும். செங்கோட்டையில் ஏறுவதாகப் பதிவு செய்யும்போது 15 என்றே போட வேண்டும். 14 என்று போட்டால், அந்த வண்டி நீங்கள் பெட்டி கட்டுவதற்கு முந்தைய இரவே போயிருக்கும். இது ஸ்டேஷனுக்கு வந்து பெயர்ப்பட்டியலைப் பார்க்கும்போதுதான் தெரியவரும் தவறு. அந்த நேரத்தில் மாற்று வண்டி பிடிக்க வழியில்லை.

கொச்சிக்குப் போகிறவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டிய இன்னொன்று ஹர்த்தால். ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஹர்த்தால் நடத்தக் கூடாது என்று 2019-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் திடீர் அழைப்புகள் வரத்தான் செய்கின்றன. ஹர்த்தால் என்றால் பெரும்பாலும் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை பஸ்ஸும் ஆட்டோவும் ஓடாது. ரயில் ஓடும். அதனால் புறப்படுவதற்கு முந்தைய வாரம் மலையாளச் செய்தியை ஒரு கண் பாருங்கள். அறிவிப்பு வந்துவிட்டால் முதல் நாளே போய் எர்ணாகுளத்தில் தங்கிவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் பலத்த மழை பெய்தால் ஆரியங்காவு மலைப்பாதையில் மண் சரிந்து சாலையும் ரயிலும் தடைபடலாம். அந்த இரண்டு மாதங்களுக்கும் இதே விதிதான்: ஒரு நாள் முன்னதாகப் போய்விடுங்கள். வாடகைக் காரில் போனால், ஓட்டுநர் கேரள பெர்மிட் எடுத்திருக்கிறாரா என்று கிளம்பும் முன் கேளுங்கள். செக்போஸ்டில் நின்று எடுக்கும் அரை மணி நேரம் உங்கள் நேரம்.

இத்தனை முன்னேற்பாட்டுக்கும் கொச்சி தகுதியான துறைமுகம். இயற்கையாக அமைந்த உள்துறைமுகம் என்பதால், காயலில் அசைவே தெரியாமல் கப்பல் நகரும். முகத்துவாரத்தைத் தாண்டும்போது மேல்தளத்தில் இடது பக்கம் நில்லுங்கள். ஃபோர்ட் கொச்சியின் சீனவலைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். வலது பக்கம் வைப்பின் தீவு. கேபினில் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தால் இந்தக் காட்சி போய்விடும்.

லட்சத்தீவு மட்டும்தான் நோக்கம் என்றால், லட்சத்தீவு நிர்வாகத்தின் சமுத்திரம் என்ற ஐந்து நாள் திட்டத்தையும் விசாரியுங்கள். எம்.வி. கவரத்தி கப்பலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றுக்கும் போவது. பகலில் தீவு, இரவில் கப்பல். கேளிக்கைக் கப்பலின் ஆடம்பரம் இருக்காது, ஆனால் தீவுகளில் இருக்கும் நேரம் அதிகம். எந்தக் கப்பலில் போனாலும் லட்சத்தீவுக்கு நுழைவு அனுமதி கட்டாயம். நிறுவனமே வாங்கித் தந்தாலும் விவரங்களை நீங்கள் முன்கூட்டியே சரியாகக் கொடுக்க வேண்டும்.

சென்னை

தூரம் 600 கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் வயதானவர்களோடு போகும்போது கொச்சியைவிடச் சென்னைப் பயணம் அலுப்பில்லாமல் இருக்கும். பொதிகை எக்ஸ்பிரஸ் செங்கோட்டையிலேயே கிளம்புகிறது. மாலையில் நிதானமாக ஏறி, படுத்துத் தூங்கி, காலையில் எழும்பூரில் இறங்கலாம். நள்ளிரவில் கண்விழித்து பிளாட்பாரத்தில் நிற்க வேண்டியதில்லை. எழும்பூரிலிருந்து துறைமுகமும் பக்கம்தான். கப்பல் மாலையில் கிளம்புவதாக இருந்தால் காலையில் போய்ச் சேரும் பொதிகை போதும். வண்டி மூன்று மணி நேரம் தாமதமானால்கூடச் சமாளிக்கலாம். மதியத்துக்குள் ஏறச் சொல்லியிருந்தால் முதல் நாள் போய்விடுங்கள்.

சென்னையில் தவறு நடப்பது வாசலில்தான். ராஜாஜி சாலை நெடுகத் துறைமுகத்துக்குப் பல வாசல்கள். ஆட்டோக்காரரிடம் "ஹார்பர்" என்று மட்டும் சொன்னால் அவருக்குத் தெரிந்த வாசலில் இறக்கிவிடுவார். அங்கே நிற்பவர் உங்களை உள்ளே விட மாட்டார். நான்கு பெட்டிகளோடு வெயிலில் அடுத்த வாசலைத் தேடி நடக்க வேண்டியதுதான். போர்டிங் தாளில் வாசல் எண் இருக்கும். அதைப் பெரிதாக எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை அலைதடுப்புச் சுவர் கட்டி உண்டாக்கிய செயற்கைத் துறைமுகம். சுவரைத் தாண்டியதும் திறந்த கடல், ஆட்டம் உடனே தொடங்கும். தலைசுற்றும் உடம்பு என்றால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேபின் கேளுங்கள். முன்பக்கமும் மேல்தளமும்தான் அதிகம் ஆடும். மாத்திரை என்ன, எப்போது என்று மருத்துவரிடம் கேட்டு வாங்கி, கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி வந்த பிறகு போட்டால் உள்ளே தங்காது.

இங்கிருந்து போன வழித்தடங்கள் விசாகப்பட்டினம், புதுச்சேரி, இலங்கை. விளம்பரத்தில் இருக்கும் ஊரெல்லாம் உறுதி என்று நினைக்காதீர்கள். 2022 ஜூனில் புதுச்சேரிக்குப் போன கப்பலுக்கு அங்கே அனுமதி கிடைக்கவில்லை. பயணிகள் இறங்காமலே திரும்பினார்கள். ஒரு ஊரைத் தவிர்த்தால் பணம் திரும்ப வருமா என்று விதிமுறைகளில் படித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். பெரும்பாலும் வராது.

மும்பை

வழித்தடத் தேர்வு அதிகம் என்பது ஒன்றுதான் இதன் பலம். கோவா, லட்சத்தீவு என்று பல பயணங்கள் இங்கிருந்து போகின்றன. ஏறுமிடம் பல்லார்ட் பியர், சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ரயில் நிலையத்துக்கு அருகில். ஆனால் நம் ஊரிலிருந்து ரயிலில் போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. மூன்று இரவுக் கப்பலுக்குப் போகவர மூன்று இரவு ரயில் என்பது குழந்தைகளுக்குத் தண்டனை. விமானம் என்றால் நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் திருவனந்தபுரத்திலிருந்து போகலாம்.

மும்பையைப் பொறுத்தவரை ஒருவழிப் பயணத்தைக் கவனித்துப் பதிவு செய்யுங்கள். கொச்சியில் ஏறி மும்பையில் இறங்குவது, மும்பையில் ஏறிக் கொச்சியில் இறங்குவது என்று இரண்டு விதமாகவும் போட்டிருப்பார்கள். விலை மலிவாகத் தெரியும். போகும்போது விமானம், வரும்போது பாலருவி என்று திட்டமிட்டால் மும்பையில் ஏறிக் கொச்சியில் இறங்குவது நமக்கு நல்ல ஏற்பாடு. மறுபக்கம், கொச்சியில் ஏறி மும்பையில் இறங்கும்போது, திரும்பும் டிக்கெட் கையில் இல்லாவிட்டால் கடைசி நேர விமானக் கட்டணம் கப்பல் செலவை விழுங்கிவிடும்.

சிங்கப்பூர்

இங்கே இரண்டு முனையங்கள்: மரினா பே, ஹார்பர்ஃபிரண்ட். ஊரின் வெவ்வேறு மூலைகளில் இருக்கின்றன. மரினா பே முனையத்துக்கு மரினா சவுத் பியர் எம்.ஆர்.டி. (மெட்ரோ ரயில்) நிலையம், மற்றதற்கு ஹார்பர்ஃபிரண்ட் எம்.ஆர்.டி. நமக்குத் திருச்சியிலிருந்து நேரடி விமானம் உண்டு. கப்பல் மலேசியா, தாய்லாந்து போய்த் திரும்புவதால் நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். விசா பலமுறை நுழைவுக்கானதா என்று பாருங்கள். வருகை அட்டையையும் விமானத்தில் போகும்போது ஒரு முறை, கப்பலில் திரும்பும்போது ஒரு முறை என இரண்டு தடவை நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட்டில் ஆறு மாதச் செல்லுபடிக் காலம் மீதம் இருக்க வேண்டும்.

பெயரும் கணக்கும்

நம்மவர்கள் அதிகம் சிக்குவது இனிஷியலில். ஆதாரில் "கே. முருகன்", பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து "முருகன் கந்தசாமி". உள்நாட்டுப் பயணத்துக்கு ஆதாரோ வாக்காளர் அட்டையோ போதும், வெளிநாட்டுக்கு பாஸ்போர்ட். எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ அதில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் டிக்கெட்டில் போடுங்கள். பயணிகள் பட்டியல் முன்கூட்டியே அதிகாரிகளுக்குப் போய்விடுவதால், முனையத்தில் நின்று திருத்துவது சிரமம். கர்ப்பிணிகளுக்கு 24 வாரத்துக்கு மேல் பெரும்பாலும் அனுமதி இல்லை. பயணம் முடியும் நாள் வரை வாரத்தைக் கணக்கிடுங்கள்.

செலவை ஒப்பிட ஒரு தாளில் துறைமுகத்துக்கு ஒரு பத்தி போட்டு எழுதுங்கள். விளம்பர விலையை விட்டுவிட்டு, பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் வரும் தொகையை எடுங்கள். துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி., பணியாளர் டிப்ஸ் எல்லாம் அங்கேதான் சேரும். அதன் கீழே போகவர டிக்கெட், முதல் நாள் லாட்ஜ், ஆட்டோ, இறங்கிய நாள் சாப்பாடு. நான்கு பேருக்கும் கூட்டினால், தலைக்கு இரண்டாயிரம் மலிவாகத் தெரிந்த துறைமுகம் பல சமயம் கூடுதலாக வந்து நிற்கும்.

கப்பல் கிளம்பும் நேரத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு முன்பே செக்-இன் மூடிவிடும். பெரிய பெட்டியை முனையத்திலேயே வாங்கிக்கொண்டு, சில மணி நேரம் கழித்துத்தான் கேபின் வாசலில் வைப்பார்கள். மாத்திரை, அடையாள அட்டை, குழந்தையின் மாற்றுத்துணி மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில், வீட்டில் சுட்ட முறுக்கு, அதிரசம் இவற்றைப் பல கப்பல்களில் வாசலிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள்.

திரும்பும் நாளையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். கப்பலிலிருந்து காலையில் இறக்கிவிடுவார்கள். பொதிகை இரவில்தான், பாலருவி மாலையில்தான். அந்தப் பகலுக்குப் பெட்டிகளை ரயில் நிலையத்தின் கிளோக் ரூமில் வைக்கலாம், அதற்கு ஒவ்வொரு பெட்டியிலும் பூட்டு இருக்க வேண்டும். பாலருவியில் வந்தால் செங்கோட்டையில் இறங்கும்போது விடிந்திருக்காது. புளியரைக்கோ பண்பொழிக்கோ போக வேண்டியவர்கள், தெரிந்த ஆட்டோக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள்.