கத்திரி முடிவதற்குள் முடிக்க வேண்டிய வீட்டு வேலைகள்

மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பும்வரை எந்த வீட்டு வேலையும் ஒழுங்காக நடக்காது. ஊரிலிருந்து மதினி குடும்பம், கொழுந்தன் பிள்ளைகள், பெரியம்மா வீட்டுக்காரர்கள் என்று வீடு நிறைந்திருக்கும். நான் கணக்கு எழுதும் ஜவுளிக்கடையிலும் அந்த நாட்களில்தான் வேலை மாளாது. சித்ரா பௌர்ணமி ஏப்ரல் பின்பாதியில் வந்தாலும் மே முன்பாதியில் வந்தாலும், விருந்தாளிகளை மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிட்டு வீட்டைப் பார்த்தால் எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கும். வெளியே கத்திரி வெயில் தொடங்கியிருக்கும், அல்லது சில நாட்களில் தொடங்க இருக்கும். பஞ்சாங்கக் கணக்கில் அது சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை. மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28-ஐ ஒட்டி முடியும்.

வேலைக்கும் போய்க்கொண்டு இந்த நாட்களில் வீட்டைச் சரிசெய்ய நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வெயில் மட்டுமே செய்து தரக்கூடிய வேலைகளை முதலில் எடுங்கள். அலமாரி அடுக்குவது, பரணைத் துடைப்பது, பழைய புத்தகங்களைப் பிரிப்பது எல்லாம் ஐப்பசி அடைமழையிலும் செய்யலாம். வடாம், மோர்மிளகாய், புளி, மெத்தை, பருப்பு இவற்றுக்கு இந்த மூன்று வாரத்தை விட்டால் அடுத்த வருஷம்தான். ஆனி பிறந்ததும் காற்று கிளம்பிவிடும். ஆடியில் மொட்டை மாடியில் எதை விரித்தாலும் மண்ணோடுதான் அள்ள வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு நாளையும் இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். விடியற்காலை நாலரை முதல் எட்டரை வரை ஒரு பங்கு, மாலை ஐந்தரைக்கு மேல் ஒரு பங்கு. நடுவில் உள்ள நேரம் வெயிலுக்கானது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தோதாகவே அமையும். காலையில் விரித்துவிட்டுப் போனால் மாலையில் வந்து எடுத்தால் போதும். பகல் 12 முதல் 3 வரை மாடிப்படி ஏறவே வேண்டாம். வடாத்தைத் திருப்பிப் போட வேண்டுமென்று எங்கள் அத்தை அந்த நேரத்தில் கிளம்பினால் நானே மறித்து உட்கார வைப்பேன்.

வடாமும் மோர்மிளகாயும்

முதல் ஞாயிற்றுக்கிழமையை வடாத்துக்கு ஒதுக்குங்கள். பச்சரிசியைக் கழுவி ஊறவைத்து, நிழலில் ஈரம் போக உலர்த்தி, மில்லில் மாவாக்கி முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். நாலு டம்ளர் மாவுக்கு அரை டம்ளர் ஜவ்வரிசி. ஜவ்வரிசியை முந்தின இரவே ஊறப்போடுங்கள். பிழிகிற வடாத்துக்கு ஒரு பங்கு மாவுக்கு மூன்று பங்கு தண்ணீர். ஜவ்வரிசி ஊறிய தண்ணீர் அதில் சேராது. தண்ணீர் கொதிக்கும்போது ஜவ்வரிசியைப் போட்டு, அது கண்ணாடி மாதிரி வெந்ததும் அரைத்த பச்சை மிளகாய், பெருங்காயம், சீரகம், உப்பு சேர்த்து, மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். கையைத் தண்ணீரில் நனைத்துக் கூழைத் தொட்டால் ஒட்டக்கூடாது. அதுதான் பதம். இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்ததும் எலுமிச்சைச் சாறு. வடாம் வெள்ளையாகப் பொரிவது அந்தப் புளிப்பால்தான்.

உப்பில் கை குறையட்டும். கூழில் சரியாக இருக்கிற உப்பு, காய்ந்தபின் கரிக்கும். தண்ணீர் போய்விடும், உப்பு அப்படியே தங்கும். கூழை ருசி பார்க்கும்போது "இன்னும் கொஞ்சம் போடலாமே" என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டினால் ஏழு மணிக்குள் பிழிந்து முடித்துவிடலாம். பிளாஸ்டிக் விரிப்பா வேட்டியா என்று கேட்பார்கள். பழைய பருத்தி வேட்டிதான் என் கட்சி. துணி அடிப்பக்க ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். வடாம் இரண்டு பக்கமும் ஒன்றுபோலக் காயும். வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நாலு மூலையிலும் கல் வையுங்கள். மாலையில் துணியைத் திருப்பி, பின்பக்கம் தண்ணீர் தெளித்துக் கொஞ்சம் ஊறவிட்டால் வடாம் முறியாமல் கழன்று வரும். அடுத்த இரண்டு நாளும் தாம்பாளத்திலோ முறத்திலோ போட்டுக் காயவைத்தால் போதும். ஒடித்துப் பார்த்தால் 'டக்'கென்று சத்தம் கேட்க வேண்டும். வளைந்தால் இன்னொரு வெயில் வேண்டும். காக்கைக்குக் கறுப்புக் குடையை விரித்துப் பக்கத்தில் வையுங்கள். பிள்ளைகளைக் காவலுக்கு வைத்தால் அரைக்காய்ச்சல் வடாம் பாதி அவர்கள் வயிற்றுக்குள் போய்விடும். லீவுக்கு வந்த பிள்ளைகளுக்கு அந்த ருசி கிடைக்கட்டும். அதற்காகவே ஒரு படி கூடுதலாகப் பிழியலாம்.

மோர்மிளகாய் இதைவிட எளிது, ஆனால் நாள் பிடிக்கும். குட்டையான, சதைப்பற்றுள்ள பச்சை மிளகாயாகப் பாருங்கள். ஒரு கிலோ மிளகாய்க்கு ஒரு லிட்டர் புளித்த தயிரும் 100 கிராம் கல்லுப்பும். காம்பைப் பாதி விட்டு நறுக்கி, நுனியில் சின்னதாகக் கீறிவிடுங்கள். உப்புப் போட்டுக் கடைந்த மோரில் இரண்டு நாள் ஊறட்டும். மூன்றாம் நாள் காலையில் மிளகாயை மட்டும் எடுத்துத் தட்டில் பரப்பி மாடிக்கு அனுப்புங்கள். மாலையில் திரும்ப அதே மோரில் போடுங்கள். மோர் முழுதும் வற்றும்வரை இப்படியே. பிறகு மிளகாய் வெளுத்துச் சலசலவென்று சத்தம் போடும்வரை தனி வெயில். கடைக்குக் கிளம்பும் அவசரத்திலும் இதற்கு ஐந்து நிமிஷம்தான் ஆகும். வாரநாட்களுக்கு ஏற்ற வேலை.

புளி, பொடி, பருப்பு

பங்குனி, சித்திரையில் புதுப்புளி வந்துவிடும். கீழமாசி வீதியில் வாங்குகிறபோது ஒரு சுளையைப் பிய்த்துப் பாருங்கள். நார் குறைவாகவும் சதை திரட்சியாகவும் இருந்தால் நல்ல புளி. கொட்டையும் நாரும் எடுத்து, ஒரு நாள் வெயிலில் போட்டு, ஜாடியில் ஒரு அடுக்கு புளி, ஒரு பிடி கல்லுப்பு என்று மாற்றி மாற்றி அமுக்கி வையுங்கள். மண்ஜாடியோ பீங்கான் ஜாடியோதான் இதற்குச் சரி. பித்தளை, இரும்பு, அலுமினியம் எதையும் புளிப்பு அரித்துவிடும். கொட்டை எடுப்பது தனியாகச் செய்தால் முதுகு ஒடியும். மாலையில் காற்று வருகிற வாசலில் இரண்டு மூன்று பேராக உட்காருங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டு, அடுத்த நாள் அவர் புளிக்கு நீங்கள் போங்கள். எங்கள் தெருவில் இப்படித்தான் வேலையும் முடிகிறது, பேச்சும் ஓடுகிறது.

குழம்புப் பொடிக்கு எங்கள் வீட்டு அளவு: மல்லி ஒரு கிலோ, மிளகாய் அரை கிலோ, துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் நூறு நூறு கிராம், மிளகு, சீரகம், விரலி மஞ்சள் ஐம்பது ஐம்பது கிராம், வெந்தயம் 25 கிராம். மிளகாயில் பாதி ராமநாதபுரம் குண்டு, பாதி நீட்டு. குண்டு மிளகாய் காரத்தோடு மணமும் தரும். எல்லாவற்றையும் இரண்டு நாள் நன்றாகக் காயவைத்தால் வறுக்க வேண்டிய தேவையே இல்லை. மில்லுக்குப் போனதும் "இதுக்கு முன்னாடி என்னண்ணே அரைச்சீங்க?" என்று கேளுங்கள். சீயக்காய் என்றால் அன்றைக்கு வேண்டாம். மல்லியோ மிளகாயோ என்றால் கவலையில்லை. வீட்டுக்கு வந்ததும் பொடியைத் தாளில் பரப்பி, சூடு முழுதும் ஆறியபின் டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துக் கட்டி தட்டும்.

பருப்புக்கும் இதே விதிதான்: காயவைத்து, ஆறவைத்து, பிறகு டின். துவரம்பருப்பில் கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவிக் காயவைத்தால் வண்டு அண்டாது. அரிசியை மட்டும் கடும் வெயிலில் போடாதீர்கள். அரிசி விரிசல் விட்டு, சமைக்கும்போது நொறுங்கிக் குழையும். நிழலில் பரப்பிப் புடைத்து, காய்ந்த வேப்பிலையும் நாலைந்து வற்றல் மிளகாயும் போட்டு மூடுங்கள்.

மெத்தை, சேலை

விருந்தாளிகள் படுத்து எழுந்த மெத்தை, தலையணை எல்லாவற்றிலும் வேர்வை ஏறியிருக்கும். இலவம்பஞ்சு மெத்தை என்றால் காலை ஒன்பது மணிக்கு மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவைத்து, மாலையில் பிரம்பால் தட்டுங்கள். தூசி கிளம்பும், மூக்கில் துணி கட்டிக்கொள்வது நல்லது, இழுப்பு இருப்பவர்கள் பக்கத்திலேயே வரவேண்டாம். மறுநாள் மறுபக்கம். அடைந்து கிடந்த பஞ்சு உப்பிவரும். கீழே கொண்டுவந்ததும் உடனே விரிப்புப் போடாமல் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். ஃபோம் மெத்தைக்கு இந்த வைத்தியம் ஆகாது. நிழலில் காற்றாடப் போட்டாலே போதும்.

பட்டுச் சேலையும் அப்படித்தான், வெயில் படக்கூடாது. வீட்டுக்குள் கொடியில் ஒரு நாள் போட்டு, பழைய மடிப்பை மாற்றி மடித்து, வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் ஜரிகை அந்த இடத்தில்தான் முதலில் இற்றுப்போகும். திருவிழாவுக்கு எடுத்த சுங்குடியை முதல் தடவை கல்லுப்புத் தண்ணீரில் தனியாக அலசி, நிழலில் உலர்த்துங்கள். கத்திரியில் நாள் முழுக்க உடுத்த அதைவிட இதமான சேலை இல்லை.

தண்ணீரும் கரண்டும்

மேல்தொட்டியைக் கழுவ இதுதான் சரியான நேரம், ஏனென்றால் பாதி நாள் அது காலியாகத்தான் இருக்கும். அடியில் தங்கிய வண்டலை வாரிவிட்டு, பக்கச்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். டெங்கு கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை வடிப்பதால் மட்டும் அது போகாது. குடம், டிரம் என்று தண்ணீர் சேர்த்துவைப்பவர்கள் வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் தேய்த்துக் காயவிட வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தொட்டி நிரம்பியதும் 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரைச் சிறிது தண்ணீரில் குழைத்து, தெளிந்த மேல்தண்ணீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்குங்கள்.

குடிக்க மானாமதுரைப் பானை ஒன்று வாங்கிவிடுங்கள். புதுப்பானையை ஒரு நாள் முழுதும் தண்ணீரில் ஊறவைத்து, முதல் இரண்டு மூன்று தடவை நிரப்பிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். ஈர மணலில், காற்று வருகிற இடத்தில் வையுங்கள். பானையின் மேற்பரப்பில் கசிகிற தண்ணீர் காற்றில் உலரும்போதுதான் உள்ளே குளிரும். அடைசலான மூலையில் வைத்தால் வெறும் பானைதான். சோப்புப் போட்டுக் கழுவவே கூடாது. போன வருஷப் பானை சரியாகக் குளிரவில்லை என்றால் அதன் துளைகளில் உப்பு அடைந்திருக்கும். நாரால் தேய்த்து இரண்டு நாள் வெயிலில் போட்டுப் பாருங்கள். அப்படியும் குளிராவிட்டால் அதில் கீரை விதைத்துவிடலாம்.

ஃபேன் இறக்கையைத் துடைக்கப் பழைய தலையணை உறையை உபயோகியுங்கள். இறக்கையை உறைக்குள் விட்டு இழுத்தால் தூசி கட்டிலில் கொட்டாமல் உறைக்குள்ளேயே விழும். ஏசி உள்ளவர்கள் வடிகட்டியைக் கழுவி, 26-இல் வைத்து ஃபேனையும் சேர்த்துப் போடுங்கள். கரண்ட் அட்டையில் இரண்டு மாத யூனிட்டைப் பாதியில் ஒருமுறை பாருங்கள். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால், குறைவாகப் புழங்குபவர்களுக்கு உள்ள சலுகை முழுதும் கிடைக்காது. 480-இல் நிற்பதற்கும் 510-க்குப் போவதற்கும் பில்லில் நல்ல வித்தியாசம் தெரியும்.

சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளிப்பதைப் பொழுது சாய்ந்தபின் செய்யுங்கள். வெயில் இருக்கும்போது ஊற்றினால் தளம் உறிஞ்சிக்கொண்டு திரும்பச் சூடாகும், தண்ணீரும் வீண்.

இத்தனை வேலைக்கு நடுவில் வீட்டுப் பெரியவர்களைக் கவனியுங்கள். தாகம் எடுக்கவில்லை என்று அவர்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். காலையில் நீராகாரம், பதினொரு மணிக்கு நீர்மோர், மூன்று மணிக்கு நுங்கோ வெள்ளரிப்பிஞ்சோ என்று நேரம் வைத்துக் கையில் கொடுங்கள். யாருக்காவது தலை சுற்றினால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து போட்டுக் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவையுங்கள். உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால் வீட்டு வைத்தியம் வேண்டாம். நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணியால் துடைத்து விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

கடைசியாக ஒரு வேலை. கத்திரி நடுவில் ஏதாவது ஒரு சாயங்காலம் இடி மின்னலோடு கோடைமழை கொட்டும். அதற்கு முன்பே மாடியின் தண்ணீர்க் குழாய் வாயில் அடைந்த சருகையும் வடாம் தூளையும் அள்ளிவிடுங்கள். வேலைக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டில் மாடிச் சாவியைக் கொடுத்து, வானம் கறுத்தால் வேட்டியைச் சுருட்டி உள்ளே போடச் சொல்லிவிட்டுப் போங்கள்.